கோணேசர் மலைக்கு மேலே ஓர் ஒளிக்கோடு

சர்வதேச விண்வெளி நிலையத்தைப் படம்பிடிக்கும் கலைக்கு முதல் தேவை நேரக் கணக்கு. சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்தில் போகும் அதற்குச் சொந்த ஒளி இல்லை; நமக்குத் தெரிவது பட்டுத் திரும்பும் வெயில். தரை இருண்டும் மேலே வெயில் மிஞ்சும் வேளை வேண்டும். திருகோணமலையில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், பொழுதுபட்டபின் அந்த வேளை விரைவில் முடிந்துவிடும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டை நனைக்கும் மாதங்களில் இந்தக் கரை வறண்டிருப்பது நல்ல வாய்ப்பு.

நாசாவிடம் இதைவிடத் துல்லியமான படங்கள் உண்டே என்பார்கள். உண்டுதான், ஆனால் அவற்றில் நம் ஊர் இல்லை. முக்காலியில் கமராவை நிறுத்தி முப்பது விநாடி திறந்து வைத்தால் புள்ளி கோடாகும். கீழே கோணேசர் பாறை நிற்கும். மாலையில் அந்தக் கோடு கிழக்கே, கடல் பக்கமாக மங்கி அறும் இடத்தில் பூமியின் நிழல் தொடங்குகிறது. அதைக் காட்டும் படம் அழகோடு ஓர் அளவீடும்கூட. செய்மதிகள் பெருகி வானம் கெடுகிறது என்ற கவலை நியாயமானது. வானத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களே அதற்குச் சாட்சி சொல்ல முடியும்.

இலங்கையின் முதல் செய்மதி இராவணா-1, 2019 ஜூன் 17 அன்று இந்த நிலையத்திலிருந்தே விடப்பட்டது. அந்தச் சிறு பெட்டி வெறுங்கண்ணுக்குத் தெரிந்ததில்லை, நிலையம் தெரியும். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு உள்ள ஊரின் பிள்ளைகளுக்கு அந்த நிலையத்தைக் காட்டுங்கள். 2030 வரைதான் அதை இயக்கத் திட்டம்.