சான்றோனும் ‘நோபிளும்’: உயர்வு குறிக்கும் சில தமிழ்ச் சொற்கள்

அமெரிக்கக் குடியுரிமை வேண்டுவோர் நிரப்பும் படிவத்தில், பரம்பரைப் பட்டமோ பிரபுத்துவ வரிசையோ உமக்கு உண்டா என்னும் வினா ஒன்று உள்ளது. உயர்குடிப் பட்டங்களை அரசு வழங்கலாகாது என 1787இல் வரையப்பட்ட அரசியலமைப்பு விதித்த தடையோடு தொடர்புடையது அது. நம்மவர் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்கிறோம். ஆயினும் அவ்வினாவின் மையச் சொல், நம் புறப்பாட்டை ஆங்கிலத்தில் பயிலும் மாணவர் முன் வேறொரு வடிவில் வந்து நிற்கிறது.

புறநானூற்றின் 312ஆம் பாட்டு பொன்முடியார் பாடியது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் ஆகியோர் கடமைகளை வரிசையாகச் சொல்வது. சிகாகோவில் பணியாற்றிய ஏ. கே. ராமானுஜன் 1985இல் வெளியிட்ட தொகுப்பில், தந்தையின் கடமையைக் கூறுமிடத்துச் ‘சான்றோன்’ என்பதற்கு ‘நோபிள்’ என்னும் சொல்லை இட்டார். அது ‘அறியப்பட்ட’ எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து வந்தது; பெயர்பெற்ற குடியில் பிறந்தவன் என்னும் கருத்து அதனுள் படிந்துள்ளது. ‘சால்’ என்னும் நம் அடியோ நிறைவையும் மிகுதியையும் தகுதியையும் குறிப்பது. பரோவும் பெர்க்லியின் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இப்பொருள்களையே தருகிறது. முன்னது ஒருவனைப் பிறர் அறிவதைப் பற்றியது. பின்னது அவன் தன்னளவில் நிறைந்திருப்பதைப் பற்றியது. மேலும், பாட்டு சான்றோனைப் பிறக்கச் செய்வதைப் பேசவில்லை; ஆக்குவதைப் பேசுகிறது.

இதனால் மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறிவிட்டு அமைதல் எளிது. நாம் செய்துவரும் பிழை அதனினும் பெரிது என்பேன். பள்ளி விழாக்களிலும் சங்க மேடைகளிலும் இப்பாட்டின் முதற்பகுதி மட்டும் எடுத்தோதப்படுகிறது. சான்றோன் ஆங்கே கற்றறிந்த நல்லொழுக்கத்தான் ஆகிவிடுகிறான். கொல்லன் வடித்த வேலும் போர்க்களத்து யானையும் காணாமற் போகின்றன. பதிற்றுப்பத்தில் சேரனைச் சான்றோர்க்குக் கவசம் எனப் புகழுமிடத்துப் பழைய உரைகாரர், அச்சொல் போரில் அமைதியுடைய வீரரைக் குறித்தது என்று தெளிவாகவே எழுதினார். இளைஞன் யானையை வீழ்த்தி மீளும் பாட்டில் அப்பொருளை விலக்குவதற்கு நான் காரணம் காணவில்லை.

உயர்வும் வலியும் ஒட்டியிருந்த இன்னொரு சொல் ‘விழுமம்’. தொல்காப்பிய உரியியல் இதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருள்கள் தருகிறது. துன்பமும் சிறப்பும் ஒரே சொல்லில் எவ்வாறு கூடின? இருவேறு சொற்கள் ஒலியால் ஒன்றினவாக இருத்தல் கூடும். எனினும் ‘விழுப்புண்’ என்னும் தொகையைக் கருதினால், மார்பிலும் முகத்திலும் ஏற்ற புண்ணே பெருமையாகும் உலகம் தெரிகிறது. அவ்வுலகில் இவ்விரு பொருள்களும் பகைத்து நிற்கவில்லை. இன்று மதிப்பு என்னும் கருத்துக்கு ‘விழுமியம்’ என்று வழங்குகிறோம். ஆக்கம் நன்றே, ஆனால் புண் ஆறிவிட்டது.

இனி, சற்றுச் சங்கடமான பகுதி. தமிழரிடத்து உயர்வு பிறப்பைச் சார்ந்ததன்று எனப் புலம்பெயர் மேடைகளில் உரைக்கிறோம். சான்றாகக் காட்டப்படுவது குறளின் 98ஆம் அதிகாரமான ‘பெருமை’. பிறப்பால் எவ்வுயிரும் ஒக்கும், செய்தொழிலால் சிறப்பு வேறுபடும் என்னும் கருத்து அங்கே ஐயமின்றி உள்ளது. ஆனால் 96ஆம் அதிகாரம் ‘குடிமை’. நற்குடிப் பிறந்தாரின் இயல்பு கூறுவது. சான்றோனைத் தந்த புறநானூறே, துடி முழக்குவோனை ‘இழிபிறப்பாளன்’ என 170ஆம் பாட்டில் குறிக்கிறது. நிறைவைப் போற்றிய சொற்களும் பிறப்பை இழித்த சொற்களும் ஒரே ஏட்டுச்சுவடியில் நமக்கு வந்தன.

2023இல் கலிபோர்னியச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான முன்வரைவை நிறைவேற்றின. ஆளுநர் அதற்கு ஒப்புதல் மறுத்தார். அவ்வாண்டு விரிகுடாப் பகுதியில் நான் கலந்துகொண்ட உரையாடல்களில், தமிழில் அத்தகைய இழிவே இருந்ததில்லை என்பதற்கு மேற்படி குறட்கருத்து பன்முறை சான்றாக்கப்பட்டது. ஒரு நூலின் ஓரதிகாரத்தை மட்டும் படிப்பது வெறும் இலக்கியக் குறையாக மட்டும் நிற்பதில்லை என்பதை அப்போது உணர்ந்தேன்.

பண்பைக் குறித்த சொல் பதவியைக் குறிப்பதாக மாறுவதும் இதனோடு எண்ணத்தக்கது. இந்திய அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. ‘மாண்புமிகு’ அமைச்சர்க்கும் ‘மேதகு’ ஆளுநர்க்கும் அடைமொழிகளாயின. மாண்பு இருந்ததா என வினவ இவ்வழக்கில் இடமில்லை, இருக்கை போதும். உயரிடத்து இருத்தலால் மட்டும் சிறியோர் பெரியராகார் என்பது ‘பெருமை’ அதிகாரத்தின் மற்றொரு கருத்து. பரிமேலழகர் அவ்வுயரிடத்தை அமளி என்றே விளக்கினார். நியூ ஜெர்சி விழா அழைப்பிதழ்களிலும் இவ்வடைமொழிகளைத் தவறாது காண்கிறேன். பட்டம் இல்லை எனப் படிவத்தில் எழுதியவர்களே அவற்றை அச்சிடுகிறோம்.

என் வகுப்பில் இப்போது ‘சான்றோன்’ மொழிபெயர்க்கப்படாமலே நிற்கிறது. கீழே ‘நிறைந்தவன், வீரன்’ என இரு விளக்கங்கள் தரப்படுகின்றன. பாடத்தொகுப்பில் 312ஆம் பாட்டும் 170ஆம் பாட்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சாகியுள்ளன.