வீசுகோல் யார் கையில்?

வில்லுப்பாட்டு மேடையில் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தாலும் ஆட்டம் ஒருவர் கையில்தான். கதையை எங்கே நிறுத்துவது, எங்கே பாட்டுக்குத் தாவுவது, எந்த இடத்தில் ஊர் நடப்பை இழுத்துவிட்டுச் சிரிக்கவைப்பது என்பதையெல்லாம் வில்லைத் தட்டும் வீசுகோலைப் பிடித்திருக்கும் புலவரே முடிவு செய்கிறார். குடமும் உடுக்கும் அவர் கண்ணசைவுக்குக் காத்திருக்கும். பக்கத்தில் 'ஆமா' போடுகிறவர் கிரிக்கெட்டில் எதிர்முனையில் நிற்கும் மட்டையாளர் மாதிரி; எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் பந்து அவருக்கு வராது.

ஆகவே, மேடையில் எத்தனை பெண்கள் என்று தலை எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோல் பிடித்த பெண்களும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி, 2018இல் மறைந்தவர், கோயில் கொடைகளில் தானே வீசுகோல் பிடித்துக் கதை சொன்னவர். பத்மஸ்ரீ சுப்பு ஆறுமுகத்தின் மகள் பாரதி திருமகன் இன்று குழுவுக்குத் தலைமை ஏற்கிறார். வீட்டிலேயே குரு வாய்த்தது அவருக்குப் பெரிய பலம். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லையே.

வில்லுப்பாட்டில் இசக்கி கதையைக் கேட்டிருப்பீர்கள். அநியாயமாகச் செத்தவள் தெய்வமாகித் திரும்புகிற கதை. அவளுடைய ஆங்காரத்தையும் பெரும்பாலும் ஆண் குரலில்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பட்டிமன்ற மேடை இதைவிடப் பரவாயில்லை. பாரதி பாஸ்கர், பர்வீன் சுல்தானா பேச்சுக்கென்றே கூட்டம் வருகிறது. ஆனாலும் இடைமறித்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் நாற்காலி இன்னும் பெரும்பாலும் ஆண்களுக்கே.

வில்லிசைக்குச் சாத்தூர் பிச்சைக்குட்டியைத் தந்தது விருதுநகர் மாவட்டம். அதே சாத்தூரிலும் சிவகாசியிலும் வெம்பக்கோட்டையிலும் திரி வெட்டவும் மற்ற வேலைகளுக்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் பட்டாசு ஆலைகளுக்குப் போகிறார்கள். விபத்து நடந்த அன்று தொலைக்காட்சியில் அழுகிற முகமாக வருகிறார்கள். பங்குனிப் பொங்கல் விழாவில் வில்லிசை மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். வெடிமருந்து அறைக்குள் மூச்சு எப்படி அடைக்கும், முன்பணம் வாங்கிய வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று அவர்களைவிடத் துல்லியமாக யார் சொல்லிவிட முடியும்? வேலை நேரத்துச் சிரிப்பையும் கேலியையும்கூட அவர்கள்தான் சொல்ல வேண்டும். சோகம் மட்டுமே கேட்போம் என்றால் அதுவும் ஒரு வாய்ப்பூட்டுதான்.

விழாக் கமிட்டிக்காரர்கள் இவர்களில் ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்து மேடை ஏற்றலாம். கூட்டம் சேராத ஆறு மணிக்கு ஒப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டாம். பத்து மணிக்குக் களம் நிறைந்திருக்கும்போது கொடுக்கட்டும். மற்ற குழுக்களுக்குப் பேசுகிற சம்பளத்தையே பேசி.