காட்சியும் மண்ணும்

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகக் காரில் போய்வந்த நண்பர் ஒருவர், அபிராமபுரத்துக்கு வந்து தம் பிரயாணக் கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினார். மணப்பாட்டுக் குன்றின்மேல் தேவாலயம், உவரிக் கடல், பனைமரங்கள், செம்மண் தேரி எல்லாம் இருந்தன. வர்ணனையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கரை மணலைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அது சாமானிய மணல் அல்ல. கார்னெட்டும் இல்மனைட்டும் கலந்தது. முன்னது தேய்த்து மெருகிட, பின்னது வெள்ளைப் பெயிண்டுக்கு என்று கப்பலேறிய சரக்கு. 2013-ல் அரசாங்கம் தடை போடும் வரை தனியார் அதை அள்ளினார்கள். அள்ளிய கரையில்தான் நண்பர் சூரியோதயம் பார்த்திருக்கிறார்.

காரில் பறக்கிறவனுக்குக் கடல் ஒரு திரைச்சீலை. வலை உலர்த்துகிறவனுக்கு அதுவே வீட்டு முற்றம். ஜோ டி குருஸ் 2004-ல் வெளியிட்ட ‘ஆழி சூழ் உலகு’ நாவலைப் பாருங்கள். இந்தப் பக்கத்துப் பரதவர் கதை அது. அங்கே கடல் அழகு காட்டுவதற்காக வரவில்லை. மனிதர்கள் அதில் பிழைக்கிறார்கள், சாகிறார்கள். அதனாலேயே அழகாகவும் இருக்கிறது.

நானும் இப்படி ஜன்னலோரக் கட்டுரைகள் எழுதியவன்தான். ஆகவே உரிமையோடு சொன்னேன்: “மறுபடி போய் வாருங்கள். இந்தத் தடவை பஸ்ஸில்.”

நண்பருக்குக் கோபம். காபியைக்கூடக் குடிக்கவில்லை.