இடைநிலை ஜப்பானியமும் தற்பயிற்சி நூலும்: ஒரு மதிப்பீடு

ஆசிரியர் துணையின்றி ஜப்பானிய மொழியைக் கற்க முனையும் தமிழர் பெரும்பாலும் ஆங்கில வழி நூல்களையே நாடுகின்றனர். அவற்றுள் 1999இல் முதற்பதிப்புக் கண்ட 'கெங்கி' குறிப்பிடத்தக்கது. வகுப்பறைக்கென எழுதப்பட்ட இந்நூல் தற்பயிற்சிக்கும் கைக்கொள்ளப்படுகிறது. இரு தொகுதிகளில் 23 பாடங்கள், தெளிவான விளக்கங்கள், படிப்படியான பயிற்சிகள் ஆகியன இதன் சிறப்புகள். எனினும், எது எளிது, எது அரிது என்னும் கணக்கு இதில் ஆங்கிலம் வழிக் கற்பவரை முன்னிறுத்தியே அமைந்துள்ளது. இக்கணக்கு தமிழருக்குப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

முதலில் எளியவற்றைக் காண்போம். வினை இறுதியில் நிற்றல், உருபு பெயரின் பின் வருதல், பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன் நிற்றல் ஆகியன நமக்குப் புதியன அல்ல. 'கினோ கத்த ஹொன்' என்பதை 'நேற்று வாங்கிய புத்தகம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். 'தெ' ஈற்று எச்சத்துடன் சேரும் 'மிரு', 'ஒகு', 'ஷிமவு' ஆகிய துணைவினைகள் முறையே 'செய்து பார்', 'செய்து வை', 'செய்துவிடு' என்பவற்றோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றன. கெங்கி இம்மூன்றையும் இரண்டாம் தொகுதியில் வெவ்வேறு பாடங்களில் கற்பிக்கிறது. தமிழர் இவற்றை ஒரே அமர்வில் கற்கலாம்.

இவ்வொப்புமை இருமொழிக்கும் இனவுறவு உண்டு என்பதற்குச் சான்றாகாது. அவ்வாறு வாதிட்ட ஓனோ சுசுமுவின் கருத்தைப் பெரும்பாலான மொழியியலார் ஏற்கவில்லை. கற்போருக்கும் ஒப்புமை எப்போதும் துணையாவதில்லை. சில இடங்களில் அதுவே வழுவுக்கு வித்தாகிறது. 'தபெதெ இரு' என்பதன் எச்சமும் 'இரு'வும் நம் செவிக்குச் 'சாப்பிட்டிருக்கிறார்' என ஒலிக்கின்றன. பொதுவான பொருளோ 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்' என்பதாகும். ஆனால் 'கிதெ இரு' என்பது 'வந்திருக்கிறார்' எனவே பொருள்படும். தமிழ் இரு வடிவங்களால் உணர்த்துவதை ஜப்பானியம் ஒரே வடிவில் அடக்கி, வேறுபாட்டை வினையின் வகைக்கு விட்டுவிடுகிறது. கெங்கி வினைவகை கொண்டு இதனை விளக்குவது பாராட்டத்தக்கது. ஆயினும் ஓசை ஒப்புமையால் தமிழருக்கு நேரும் மயக்கத்தை அந்நூலில் எதிர்பார்க்க இயலாது.

கொடைவினைகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. பிறர் எனக்கோ என்னைச் சார்ந்தோருக்கோ தருவது 'குரெரு'. நான் பிறருக்குத் தருவது 'அகெரு'. தொல்காப்பியக் கிளவியாக்கம் தரவு தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடை படர்க்கைக்கும் உரியன எனப் பகுத்ததை இங்கு நினைவுகூரலாம். மலையாளத்தில் இப்பகுப்பு இன்றும் வழங்குகிறது. ஆனால் இவ்வழிகாட்டல் பாதித் தொலைவே வரும். 'நான் உனக்குத் தருவேன்' என்பதற்கு ஜப்பானியம் 'அகெரு'வையே வேண்டும். அங்கு எல்லைக்கோடு முன்னிலையைச் சேர்க்காமல் பேசுவோரை ஒட்டி வரையப்படுகிறது. மேலும் 'ஒஷிஎதெ குரெத' என்பதிலுள்ள துணைவினை, பெற்ற உதவியை ஏற்றுக்கொள்வதாகும். அதனைக் 'கற்பித்தார்' என மட்டும் பெயர்த்தால் நன்றியுணர்வு மறைந்துவிடும். 'சொல்லித் தந்தார்' என்பது அதனை ஓரளவு காக்கும்.

இக்குறைகளைத் தேர்வும் முழுமையாகக் காட்டிக்கொடுப்பதில்லை. 1984இல் தொடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், 2010இல் நான்கு நிலைகள் ஐந்தாக்கப்பட்டு, இடைநிலை எனத்தக்க 'என்3' புதிதாகச் சேர்க்கப்பட்டது. அத்தேர்வில் பேச்சுத் தேர்வும் இல்லை, கட்டுரைத் தேர்வும் இல்லை. தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்வதே முறை. 'குரெரு'வைக் கண்டறியத் தெரிந்தவர் அதனை உரிய இடத்தில் ஆளவும் வல்லவர் என்பதற்கு அச்சான்றிதழ் உறுதியாகாது.

கெங்கியின் 23 பாடங்களை முடித்தவர் 317 கான்ஜி எழுத்துகளை அறிந்திருப்பார். 2010ஆம் ஆண்டின் பொதுப்பயன்பாட்டுப் பட்டியலில் உள்ளவையோ 2136. தொடரமைப்பில் தமிழர் மிச்சப்படுத்தும் காலத்தை எழுத்துக்கும் கொடைவினைகளுக்கும் செலவிடுமாறு வழிகாட்டும் ஒரு துணைநூல் தேவை. ஜப்பானிய இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்கு வந்துள்ளது. நேரடி மொழிபெயர்ப்பாளர் உருவாக வேண்டுமெனில், அவர்தம் இலக்கணக் கையேடும் ஆங்கிலத்தின் கணக்கை விட்டுத் தமிழின் கணக்கில் எழுதப்பட வேண்டும்.