ஹக்லூட்டின் பெருநூல்: தலைப்பும் சாட்சியமும்

டியூடர் கால இங்கிலாந்தின் கடற்பயணங்களைப் பற்றி எழுத முனையும் எவரும் ஒரு நூலைத் தொடாமல் நகர முடியாது. ரிச்சர்ட் ஹக்லூட் என்னும் பாதிரியார் தொகுத்து 1589-இல் லண்டனில் வெளியிட்டு, பின்னர் 1598 முதல் 1600 வரை மூன்று பெருந்தொகுதிகளாக விரித்த, ஆங்கில இனத்தாரின் கடற்செலவுகளும் கண்டுபிடிப்புகளும் பற்றிய திரட்டே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஃப்ரூட் அதனைத் தம் இனத்தின் உரைநடைக் காப்பியமாகப் போற்றினார். நம்மவரோ அதனைக் காலனியத்தின் முன்னுரை என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றனர். நூலைத் திறந்து பாராமலேயே இந்த இரண்டு முடிவுகளுக்கும் வந்துவிடலாம் என்பதுதான் சிக்கல். திறந்து படித்தால், தலைப்பு ஒன்றைச் சொல்ல, உள்ளிருக்கும் ஆவணங்கள் வேறொன்றைச் சொல்வதைக் காணலாம்.

ஹக்லூட் கடலோடி அல்லர். 1583 முதல் சுமார் ஐந்தாண்டுகள் பாரிஸில் ஆங்கிலத் தூதருக்குச் சமயகுருவாக இருந்ததே அவர் மேற்கொண்ட நெடும்பயணம். ஆயினும் தொகுப்பாளர் என்ற வகையில் அவரது நேர்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. அரசு மடல்கள், வணிக உரிமப் பட்டயங்கள், மாலுமிகளின் நாட்குறிப்புகள் ஆகியவற்றைப் பெரும்பாலும் முழுமையாகவே தந்தார். முதற்பதிப்பில் இடம்பெற்ற மாண்டெவில்லின் கட்டுக்கதைகளையும் டேவிட் இங்ராமின் அமெரிக்கக் கதையையும் இரண்டாம் பதிப்பில் விலக்கிவிட்டார். அறிவிப்பாளரின் நம்பகத்தை எடைபோடும் மரபில் பழகிய நமது வாசகருக்கு இந்தத் துணிவின் மதிப்பு விளங்கும்.

இந்த நேர்மையே அவரது தலைப்புக்கு எதிரான சாட்சியமாகிறது. ‘கண்டுபிடிப்பு’ என்று அவர் முழங்கும் இடங்களில் பல, முஸ்லிம் அரசர்களும் வணிகர்களும் பல நூற்றாண்டுகளாகப் பேணிவந்த பாதைகள். அந்தனி ஜென்கின்சன் 1558-இல் வோல்கா வழியே காஸ்பியன் கடலைக் கடந்து புகாராவை அடைந்தார். அங்கே அவர் கண்டது, போர்களால் நலிந்திருந்தாலும் இந்தியரும் பாரசீகரும் வந்து கூடிய ஒரு பழஞ்சந்தை. 1562-இல் அவர் காஸ்வீனில் ஷா தஹ்மாஸ்பின் அவைக்குச் சென்றபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார்: அவர் கிறித்தவர் எனத் தெரிந்ததும் ஷா அவரை வெளியேறப் பணித்தார்; அவர் நடந்து சென்ற வழியெல்லாம் ஒருவன் பின்னாலேயே மணலைத் தூவிக்கொண்டு வந்தான். உதுமானியருடன் செய்துகொண்ட சமாதானமும் அந்தப் புறக்கணிப்புக்கு ஒரு காரணம். அவருக்குக் கைகொடுத்து வணிக உரிமை அளித்தவர் ஷிர்வானின் ஆளுநர் அப்துல்லாஹ் கான். இவ்விரு காட்சிகளையும் மறைக்காமல் அச்சிட்ட ஹக்லூட்டுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். வேண்டி நின்றவர் யார், வாயிற்கதவின் சாவி யாரிடம் இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நூலின் மிக வளமான பகுதி உதுமானியத் தொடர்பைப் பற்றியது. 1570-இல் போப்பாண்டவர் எலிசபெத் அரசியைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அதன்பின், முஸ்லிம்களுடன் வணிகம் செய்யத் தடைவிதித்த போப்பின் ஆணைகளுக்கு இங்கிலாந்து அஞ்ச வேண்டியிருக்கவில்லை. 1578-இல் இஸ்தான்புல் சென்ற வில்லியம் ஹார்பர்னின் முயற்சியால், 1580-இல் சுல்தான் மூன்றாம் முராத் ஆங்கிலேயருக்கு வணிகச் சலுகைப் பட்டயம் வழங்கினார். சுல்தானும் அரசியும் எழுதிக்கொண்ட மடல்கள் நூலில் உள்ளன. சிலை வணக்கத்தை எதிர்ப்பவள் என்று எலிசபெத் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் இடம் சுவையானது. அடுத்த தரப்பின் காதுக்கு இனிப்பது எது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். கம்பளித் துணியோடு ஈயமும் வெள்ளீயமும், கலைக்கப்பட்ட மடாலயங்களின் உடைந்த மணிகளின் உலோகமும் கிழக்கே சென்றன. அவை பீரங்கி வார்க்கப் பயன்படும் என்று கத்தோலிக்கத் தூதர்கள் முறையிட்டனர். கிறித்தவ உலகம், இஸ்லாமிய உலகம் என இரண்டு மதில்களை எழுப்பி இக்காலத்தை விளக்குவோர் இந்தப் பக்கங்களைப் படித்ததாகத் தெரியவில்லை.

ரால்ஃப் ஃபிட்ச் இந்தியாவுக்கு வந்த வழியும் இதுவே. 1583-இல் ‘டைகர்’ கப்பலில் சிரியாவின் தராபுலுஸில் இறங்கிய அவர், ஹலப், பக்தாத், பஸ்ரா வழியாக ஹோர்முஸை அடைந்தார். அங்கே அவரைச் சிறைப்பிடித்துக் கோவாவுக்கு அனுப்பியவர்கள் சக கிறித்தவர்களான போர்ச்சுகீசியர். தப்பிச் சென்று அவர் கண்ட ஆக்ராவும் ஃபதேபூர் சிக்ரியும் தனித்தனியே லண்டனைவிடப் பெரியவை என்று எழுதினார். அவருடைய குழுவினர் கையில் கொண்டுவந்த அரசியின் மடல், ஜலாலுத்தீன் அக்பரை ‘செலாப்திம் எக்கேபார், கம்பாயாவின் அரசர்’ என்று விளிக்கிறது. ஃபிட்ச்சின் வருணனைகளில் கணிசமான பகுதி வெனிஸ் நகர வணிகர் சேசரே ஃபெடரிச்சியிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஹக்லூட் அதைக் கண்டுகொள்ளவில்லை. ட்ரேக் 1579-இல் தெர்னாத்தே தீவில் கிராம்பு வாங்கிய கதையும் இவ்வகையே. போர்ச்சுகீசியரை 1575-இல் தம் தீவிலிருந்து விரட்டிய சுல்தான் பாபுல்லாஹ்வின் நல்லெண்ணம் இன்றி அக்கொள்முதல் நடந்திராது.

இங்கே நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித் என்று நம் மேடைகளிலும் நூல்களிலும் பெருமையோடு சொல்லப்படுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் ஓர் அரபு நூலை நம்பி வளர்ந்த அக்கருத்தைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. போர்ச்சுகீசிய ஆவணங்கள் அந்த வழிகாட்டியைக் குஜராத்தி முஸ்லிம் என்கின்றன. ‘முஅல்லிம்’ என்ற சொல்லையே அவருக்குப் பெயராக்கியும் விடுகின்றன. நமது ‘மாலுமி’ பிறந்ததும் அதே சொல்லிலிருந்துதான். ஹக்லூட்டிடம் கோரும் துல்லியத்தை நம்மிடமும் கோர வேண்டாமா?

அவரிடம் நான் காணும் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. ஜான் ஹாக்கின்ஸ் 1562-இல் கினிக் கரையில் முந்நூறு பேரைப் பிடித்து எஸ்பானியோலா தீவில் விற்றார். 1564-இல் சென்ற இரண்டாம் பயணத்துக்கு அரசியே தம் கப்பல் ஒன்றைக் கொடுத்தார். திரும்பி வந்த ஹாக்கின்ஸுக்கு, கட்டுண்ட கறுப்பு மனிதன் ஒருவனின் உருவத்தைத் தாங்கிய குலச்சின்னம் வழங்கப்பட்டது. 1568-இல் சான் குவான் தெ உலுவாத் துறைமுகத்தில் ஸ்பானியர் தாக்கி அவரது கப்பல்களை அழித்தனர். அந்த மூன்றாம் பயணத்தைப் பற்றி ஹாக்கின்ஸ் எழுதிய குறிப்பில், தம் ஆட்கள் பட்ட துயரை முழுதும் சொல்ல வேதசாட்சிகளின் வரலாறு எழுதியவரின் பொறுமை வேண்டும் என்ற கருத்தில் முடிக்கிறார். அவர் விற்ற மனிதர்களின் துயரைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. கட்டுக்கதைகளைக் களைந்தெறிந்த தொகுப்பாளர் இந்த மௌனத்தை அப்படியே அச்சேற்றினார்.

நூலின் பகுப்புமுறையே அந்த மௌனத்துக்குத் துணைபோகிறது. இரண்டாம் பதிப்பின் முதல் தொகுதி வடதிசைக்கும் வடகிழக்கிற்கும், இரண்டாவது மத்தியதரைக்கடல், ஆப்பிரிக்கா, கீழ்த்திசைக்கும், மூன்றாவது அமெரிக்காவுக்கும் உரியவை. ஹாக்கின்ஸின் அடிமை வணிகப் பயணங்கள் மூன்றாம் தொகுதியில், மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற பயணங்கள் என்ற வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. அம்மனிதர்கள் பிடிக்கப்பட்ட கரையின் பெயரால் அன்றி, விற்கப்பட்ட சந்தையின் பெயராலேயே அப்பயணங்கள் நூலில் நிற்கின்றன.