தெரியாமல் இருப்பது யாருக்கு வசதி?

1990களின் நடுப்பகுதியில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரிலுள்ள ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தின் கூரையிலிருந்து எட்டடி நீளப் பிளாஸ்டிக் கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் நுனியில் ஒரு சின்ன மின்மோட்டார். அந்த மோட்டாரை ஈதர்நெட் கம்பியோடு இணைத்திருந்தார்கள். கம்பி வழியே தரவு போகும்போதெல்லாம் மோட்டார் ஒரு துடிப்புத் துடிக்கும். வலைப்பின்னலில் வேலை குறைவென்றால் கயிறு எப்போதாவது சிலிர்க்கும். நெரிசல் கூடினால் விர்ரென்று சுழன்று சத்தம் போடும். செய்தவர் நடாலி ஜெரெமியென்கோ என்ற கலைஞர். தாழ்வாரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வேலையில் இருந்தபடியே, இன்று வலை மந்தமாக இருக்கப்போகிறது என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம்.

கணினியை அன்றாடச் சூழலுக்குள் கரைத்துவிட வேண்டும் என்று கிளம்பிய ஆய்வு மரபு பெருமையோடு எடுத்துக்காட்டும் படைப்புகளில் இந்தக் கயிறும் ஒன்று. எனக்கு இதில் ஒரு முரண் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத கணினியைப் பற்றிப் பேசியவர்கள் செய்த நல்ல பொருள், கண்ணிலும் காதிலும் படாமல் தப்பவே முடியாத ஒன்று. இந்த மரபு எங்கே சரியாகப் போனது, எங்கே சறுக்கியது என்பதை இந்த முரணைப் பிடித்துக்கொண்டே பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்த ஆய்வை 1988 வாக்கில் பார்க் நிறுவனத்தில் தொடங்கிவைத்தவர் அங்கே கணினி அறிவியல் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த மார்க் வைசர். ‘எங்கும் நிறை கணிமை’ என்று நாம் சொல்லும் கருத்துக்கு அவர்தான் பெயர் வைத்தார். 1991 செப்டம்பரில் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை இன்றுவரை இந்தத் துறையின் மூலநூலாக இருக்கிறது. அதில் அவர் தரும் வரலாற்று உதாரணம் மின்மோட்டார். ஒரு காலத்தில் தொழிற்கூடம் முழுவதற்கும் ஒரே ஒரு இயந்திரம். அதிலிருந்து தண்டுகளும் பட்டைகளும் ஓடி எல்லாக் கருவிகளையும் சுழற்றும். பிறகு மோட்டார் சிறுத்தது, மலிந்தது, ஒவ்வொரு கருவிக்குள்ளும் புகுந்துகொண்டது. கார் ஓட்டுபவர் தன் காரில் எத்தனை மோட்டார் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கணினியும் அப்படி ஆக வேண்டும் என்பது அவர் வாதம்.

ஆனால் அந்தக் கட்டுரையை ஊன்றிப் படித்தால், மோட்டாரைவிட ஆழமான இன்னொரு எண்ணமும் அதில் ஓடுவது தெரியும். மைக்கேல் பொலானி, ஹைடெக்கர் போன்ற சிந்தனையாளர்களை வைசர் துணைக்கு அழைக்கிறார். ஒன்றை நன்றாகக் கற்றுத் தேர்ந்தவனுக்கு அது கவனத்திலிருந்து விலகிவிடுகிறது என்பது அந்தச் சிந்தனை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் ஹேண்டில்பாரை நினைப்பதில்லை. இங்கே மறைவது மனிதனின் பழக்கத்தால் நடக்கிறது. சைக்கிள் அங்கேயேதான் இருக்கிறது. சங்கிலி கழன்றால் குனிந்து மாட்டலாம். மோட்டார் மறைவது வேறு வகை. அதை உற்பத்தியாளர் பெட்டிக்குள் வைத்து மூடுகிறார். பழுதானால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். வைசர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அவருக்குப் பின் வந்தவர்கள் முதலாவதை மேற்கோள் காட்டிக்கொண்டு இரண்டாவதைச் செய்தார்கள். என் குற்றச்சாட்டின் சாரம் இவ்வளவுதான்.

குறைக்குப் போகுமுன் நிறையைச் சொல்லிவிட வேண்டும், அது சிறிதல்ல. பார்க் குழுவினர் வெறும் கனவு எழுதவில்லை. செய்து, தங்கள் அலுவலகத்திலேயே அதோடு வாழ்ந்தார்கள். உள்ளங்கை அளவுத் ‘டேப்’, காகித அளவுப் ‘பேட்’, சுவர் அளவு ‘போர்டு’ என்று மூன்று அளவில் கருவிகள். அறைக்கு நூற்றுக்கும் மேல் டேப், பத்து இருபது பேட், ஒன்றிரண்டு போர்டு என்பது திட்டம். டேப் கருவியை உருவாக்கிய குழுவின் தலைவர் ராய் வான்ட், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர். அங்கே அவர் ஆண்டி ஹாப்பர் முதலியோருடன் செய்த ‘ஆக்டிவ் பேட்ஜ்’ சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டை. 15 விநாடிக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கதிரில் தன் அடையாளத்தை அனுப்பும். யார் எந்த அறையில் இருக்கிறார் என்று பார்த்து, வரவேற்பாளர் தொலைபேசி அழைப்பை அந்த அறைக்கே திருப்பிவிடலாம்.

வேவு பார்க்கும் கருவிதானே என்று கேட்கத் தோன்றும். கேள்வி அவர்களுக்கும் தோன்றியது. மைக் ஸ்ப்ரைட்சர், மார்வின் தெய்மர் ஆகிய பார்க் ஆய்வாளர்கள் 1993இல் முன்வைத்த வடிவமைப்பில், ஒருவர் இருக்குமிடம் பற்றிய தகவல் அவருக்கென்று இயங்கும் ஒரு மென்பொருள் முகவரிடம் இருக்கும். வேறு யார் கேட்டாலும் அந்த முகவர்தான், உரியவர் வகுத்த விதிப்படி, சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும். தகவல் எங்கே தங்குகிறது என்பதே உரிமையைத் தீர்மானிக்கும் என்று அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். இன்று தனியுரிமைக் கொள்கை என்ற பெயரில் யாரும் படிக்காத நீண்ட ஆவணத்தை நீட்டி ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டச் சொல்லும் ஏற்பாட்டைவிட இது பல மடங்கு நேர்மையானது. அட்டை பிடிக்கவில்லையென்றால் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடவும் முடிந்தது. கழற்ற முடிவதற்கு, அது சட்டையில் தெரிந்தாக வேண்டும்.

இந்த மரபுக்குக் கிடைக்கும் வழக்கமான பாராட்டு ஒன்று உண்டு. ஸ்மார்ட்ஃபோனையும் ஐபேடையும் ஸ்மார்ட் போர்டையும் வைசர் இருபது ஆண்டு முன்பே கண்டுவிட்டாராம். அளவை மட்டும் பார்த்தால் சரி. உறவைப் பார்த்தால் நடந்தது நேர் எதிர். பேட் எவருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது என்றார் வைசர். மேசையில் கிடக்கும் துண்டுத்தாள் போல, கைக்கு அகப்பட்டதை எடுத்து எழுதிவிட்டு அங்கேயே விட்டுப் போக வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு அறை அறையாய் அலைந்தால் திட்டம் தோற்றது என்று பொருள். நம்மிடம் இருப்பதோ கைரேகை வைத்தால்தான் திறக்கும், நம் பெயரோடு பிணைந்த, கழிவறைக்கும் கூடவே வரும் கருவி. ‘அமைதியான தொழில்நுட்பம்’ என்று வைசரும் அவருடைய சகா ஜான் சீலி பிரவுனும் எழுதியது கவனத்தின் ஓரத்தில் இருந்துகொண்டு தேவைப்படும்போது நடுவுக்கு வரும் பொருளைப் பற்றி. ஃபோன் எப்போதும் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. பலித்த தீர்க்கதரிசனம் என்று இதைக் கொண்டாடுவது வைசருக்கு நாம் செய்யும் அநீதி.

சறுக்கல் தொடங்குவது வைசரின் கட்டுரையிலேயே என்பதையும் சொல்ல வேண்டும். அதில் சால் என்ற பெண்ணின் ஒரு நாள் கதையாக வருகிறது. அவள் விழிக்கப்போவதை அறிந்த கடிகாரம் காபி வேண்டுமா என்று கேட்கிறது; அரைத்தூக்கத்தில் அவள் ஆமென்கிறாள். ஜன்னலில் அக்கம்பக்கத்தார் நடமாடிய தடங்கள் தெரிகின்றன. அலுவலகம் போகிறாள், தூரத்திலிருக்கும் சக ஊழியரோடு ஆவணம் பார்க்கிறாள். பார்க் தாழ்வாரத்தையே ஊர் அளவுக்கு இழுத்து நீட்டிய உலகம் இது. காபி இயந்திரத்தைக் கழுவுகிறவர் கதையில் இல்லை; தன் தடம் அடுத்தவர் ஜன்னலில் தெரிவதை விரும்பாத அண்டைவீட்டாரும் இல்லை. லூசி சச்மன் என்ற மானிடவியலாளர் அதே ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு, ஜெராக்ஸ் இயந்திரத்தின் முன் ஆட்கள் திணறுவதைக் கவனித்து, மனிதர்கள் திட்டப்படி நடப்பதில்லை, சூழலுக்கேற்ப நடக்கிறார்கள் என்று 1987இல் புத்தகமே எழுதியிருந்தார். அவருடைய கவனிப்பு இந்த ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்தது. சாலின் கதைக்குள் மட்டும் அது நுழையவில்லை.

பின்வந்த பலர் காபி கேட்கும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதன் என்ன விரும்புவான் என்று இயந்திரம் ஊகித்து, அவன் கேட்குமுன் செய்வதே இலட்சியமாயிற்று. இதன் நேர்மையான பரிசோதனை கொலராடோவின் போல்டர் நகரில் நடந்தது. மைக்கேல் மோசர் என்ற பேராசிரியர் தான் குடியிருந்த வீட்டையே உணரிகளால் நிரப்பி, விளக்கையும் வெப்பத்தையும் நரம்பணு வலைப்பின்னல் மென்பொருளிடம் ஒப்படைத்தார். மின்செலவு ஒரு தட்டு, குடியிருப்பவரின் அசௌகரியம் மறு தட்டு. வீடு அவ்வப்போது விளக்கைக் கொஞ்சம் மங்கலாக வைத்துப் பார்க்கும். அவர் எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டினால் அது அசௌகரியக் கணக்கில் ஏறும். பேசாமல் இருந்தால் மங்கலே போதும் என்று வீடு கற்றுக்கொள்ளும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் குணம் அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. மோசருக்கு அது தன் வீடு, தன் மென்பொருள், ஸ்விட்ச் எங்கே என்றும் தெரியும். வாடகைக்கு வருகிறவருக்கு?

உள்ளிருந்தே விமர்சனமும் எழுந்தது. இது இந்தத் துறையின் இன்னொரு பலம். கீத் எட்வர்ட்ஸும் ரெபெக்கா கிரின்ட்டரும் 2001இல் வீடுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனைச் சூழல்: கம்பியில்லா ஒலிபெருக்கி வாங்கிய வீட்டில் பக்கத்து வீட்டுப் பாட்டு ஒலிக்கிறது. கம்பி இருந்தபோது எது எதோடு இணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். கம்பி போனதும் அந்த அறிவும் போகிறது. வீட்டில் கணினி நிர்வாகி கிடையாது, பழுதை யார் பார்ப்பது என்றும் கேட்டார்கள். 2016 மே மாதம் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. கூகுளின் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனம், தான் முன்பு வாங்கியிருந்த ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகள் அத்தோடு செயலிழந்தன.

2006இல் இவோன் ரோஜர்ஸ் என்ற ஆய்வாளர், மனிதனுக்காக யோசிக்கும் சூழலை விட்டுவிட்டு, மனிதனை யோசிக்கத் தூண்டும் கருவிகளைச் செய்வோம் என்றார். கிளாஸ்கோவின் மேத்யூ சால்மர்ஸ் இன்னும் சுவாரசியமான இடத்தைத் தொட்டார். கருவிகள் இணையும் இடத்தில் தையல் தெரியத்தான் வேண்டும் என்றார். வைசரே பிற்பாடு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார் என்றும் நினைவூட்டினார். அவர் குழு செய்த விளையாட்டு ஒன்றில் வைஃபை எட்டாத இடங்களில் நாணயம் பொறுக்கி, எட்டும் இடத்துக்கு வந்து கரையேற்ற வேண்டும். எங்கே சிக்னல் விட்டுப்போகிறது என்பதை ஆடுகிறவர்கள் தெருத்தெருவாகக் கற்றுக்கொள்கிறார்கள். குறையை மறைக்காமல் காட்டினால் மக்கள் அதைக் கையாளப் பழகுவார்கள்.

ஜெனவீவ் பெல்லும் பால் டோரிஷும் 2007இல் கேட்டது வேறு கேள்வி. எங்கும் நிறை கணிமை நாளை வரும், நாளை வரும் என்று ஏன் இன்னும் எழுதுகிறீர்கள்? சிங்கப்பூரிலும் தென்கொரியாவிலும் அது வந்துவிட்டதே, அழுக்கும் அரசியலுமாக இருப்பதால் உங்கள் கண்ணில் படவில்லையா? சிங்கப்பூரில் 1998 முதல் சாலைக் கட்டணம் வளைவுகளின் அடியில் கார் ஓடும்போதே கழிந்தது. அதற்காகக் காரின் முன்கண்ணாடியருகே பொருத்திய கருவி கழியும்போது ஒலி எழுப்பும். மீதித் தொகையைத் திரையில் காட்டும். ஓட்டுநர் கட்டணத்தை உணர வேண்டும், உணர்ந்தால்தான் நெரிசல் நேரத்தைத் தவிர்ப்பார் என்பதால் கட்டணம் வேண்டுமென்றே தெரியும்படி வைக்கப்பட்டது. நம் ஃபாஸ்டேக் கதை வேறு. சுங்கச்சாவடி தாண்டிப் போன பிறகு குறுஞ்செய்தி வரும். தப்பாகக் கழிந்திருந்தால் திரும்பிப்போய்ச் சண்டை போடச் சாவடி பின்னால் எங்கோ இருக்கும்.

வைசர் அபாயத்தை அறியாதவர் அல்லர். அறைக்கு அறை நம்மை உணரும் கணினிகள் வந்தால் அரசும் விற்பனை நிறுவனங்களும்கூட அவற்றைத் தவறாகப் பயன்படுத்தலாம் என்று 1991லேயே எழுதினார். அவர் நம்பிய மருந்து மறைகுறியாக்கம். வெளியாள் ஒட்டுக்கேட்டால் அது தடுக்கும். கருவியைச் செய்து விற்றவரே கேட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்யும்? 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் விசியோ நிறுவனத்தை 22 லட்சம் டாலர் கட்டவைத்தது. 1 கோடியே 10 லட்சம் தொலைக்காட்சிப் பெட்டிகள், வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்பதை விநாடிக்கு விநாடி அவர்களுக்குத் தெரியாமல் பதிவுசெய்து அனுப்பிக்கொண்டிருந்தன. 2019இல் நெஸ்டின் வீட்டுப் பாதுகாப்புக் கருவிக்குள் மைக்ரோஃபோன் இருப்பது, வாங்கியவர்களுக்கு அப்போதுதான் தெரியவந்தது. விவரப்பட்டியலில் விட்டுப்போனது தவறு, ரகசியமாக வைக்கும் எண்ணம் இல்லை என்றது கூகுள். இருக்கலாம். ஆனால் இப்படியொரு தவறு நடக்கக்கூடிய கருவியை உருவாக்கும் வழியைத்தான் முப்பது ஆண்டுகளாக நயம் என்று இந்தத் துறை பாராட்டிவந்தது.

மறைவதில் மனிதர்களும் அடக்கம். 2018 ஜனவரியில் சியாட்டிலில் அமேசான் கோ கடை பொதுமக்களுக்குத் திறந்தது. எடுத்ததைப் பையில் போட்டு நடையைக் கட்டலாம். கூரையிலுள்ள கேமராக்களும் அலமாரியின் எடை உணரிகளும் பில் போட்டுவிடும். இதே முறையை ‘ஜஸ்ட் வாக் அவுட்’ என்ற பெயரில் பெரிய மளிகைக் கடைகளுக்கும் கொண்டுபோனார்கள். பின்னணியில் இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் பேர் காணொளிகளைப் பார்த்துக் கணக்கைச் சரிபார்த்தார்கள் என்று செய்தி வந்தது. அப்படிச் சித்தரிப்பது தவறு, ஆட்கள் சரிபார்ப்பது சிறு பகுதியைத்தான் என்றது அமேசான். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், சியாட்டில்காரர் கடையில் ஆளே இல்லை என்று வியந்தபோது, அவர் தயிர் டப்பாவை எடுத்தாரா வைத்தாரா என்று தொலைவில் யாரோ பார்க்க நேர்ந்தது என்பதை நிறுவனமும் மறுக்கவில்லை. சாலின் காபி இயந்திரத்தைக் கழுவுகிறவர் இவர்தான்.

2024 ஏப்ரலில் அமேசான் தன் அமெரிக்க ஃப்ரெஷ் மளிகைக் கடைகளிலிருந்து அந்த முறையை எடுப்பதாக அறிவித்தது. பதிலுக்கு வந்தது திரை பொருத்திய தள்ளுவண்டி. பொருளைப் போடப் போட விலை கூடிக்கொண்டே போவதை வாங்குகிறவர் பார்க்கலாம். வாடிக்கையாளர்கள் அதைத்தான் விரும்பினார்களாம். வாங்குகிறவருக்குத் தன் கணக்கு தெரிகிறது, அது முன்னேற்றம்தான். அந்த வண்டியிலும் கேமரா உண்டு, அது எடுக்கும் படம் யாரிடம் போகிறது என்பதைத் திரை காட்டுவதில்லை. பழைய முறையோ இன்னும் விளையாட்டு அரங்குகளிலும் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் உள்ள கடைகளுக்கு விற்கப்பட்டுவருகிறது.