யாழ்ப்பாணத்தில் வெல்டர், கோயம்புத்தூரில் கொம்பிரசர்

பழைய காரொன்றை வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்த இறங்குகிறவருக்கு இரண்டு பெரிய செலவுகள் காத்திருக்கின்றன. ஒன்று வெல்டிங் மெஷின், மற்றது காற்றுக் கொம்பிரசர். இரண்டையும் ஒரே மூச்சில் வாங்க வசதி இருந்தால் இந்தக் கட்டுரையை வாசிக்கத் தேவையில்லை. மற்றவர்கள் ஒன்றை வாங்கிவிட்டு, அடுத்த வேலைக்கு ஆள் பிடிக்க வேண்டும் அல்லது காரை வெளியே அனுப்ப வேண்டும். எது முதலில் என்று கேட்டால், பாக்கு நீரிணையின் இரண்டு பக்கத்துக்கும் என்னிடம் வெவ்வேறு பதில் இருக்கிறது. இலங்கையில் வெல்டர், தமிழ்நாட்டில் கொம்பிரசர்.

இலங்கையில் வீட்டில் திருத்தப்படும் பழைய கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மொறிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் அதோடு ஒஸ்ரின் ஏ40. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடும் சில் பெட்டி, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் இரு நுனிகள், பின் வில்தகடு மாட்டும் இடம் ஆகியவை கறள் பிடித்தால் பிரச்சினை வெறும் அழகோடு நிற்காது. ஜாக்கி வைக்கும்போது கதவு மூடாமல் போகும். கார் நடுவில் தொய்யத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல், காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்துக் கார்களைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். பெருமை முழுவதும் எஞ்சினுக்குப் போய்விடுகிறது. உப்புக் காற்றில் நின்ற உடல்களை ஒட்டுப் போட்டும் பட்டி பூசியும் காப்பாற்றியவர்களை யாரும் சொல்வதில்லை.

மைனருக்கு உடற்தகடு அடிப்பது இலங்கைக்குப் புதிய தொழிலுமல்ல. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், 1990களில் அங்குள்ள கார்களுக்கான தகடுகளை இலங்கையில் அடித்துச் செய்விக்க ஏற்பாடு செய்தார். தகடு அடிக்கும் கை இந்த நாட்டில் இருந்தது. இப்போது அந்தக் கைகள்தான் அருகிவிட்டன. 2022 நெருக்கடி ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவுசெய்து புறப்பட்டார்கள். நல்ல வெல்டிங் தொழிலாளர்களுக்கு வளைகுடாவில் எப்போதும் இடமிருக்கிறது. மறுபக்கம், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரை வைத்திருந்தவர் அதை ஓட்டியே ஆகவேண்டியிருந்தது. இந்த மாதம் ஒரு சில், மழைக்குப் பிறகு தரைத் தகடு, அடுத்த வருடம் பின் வில்தகடு மாட்டும் இடம் என்று துண்டுதுண்டாகவே வேலை நடக்கும். அப்படி இழுபடும் வேலைக்கு ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட்டால், கூலியைவிடக் காத்திருப்பே பெரிய செலவு.

தமிழ்நாட்டில் இதே இடத்தில் அம்பாசடர் நிற்கிறது. மொறிஸ் ஒக்ஸ்ஃபர்டின் மூன்றாம் தொடரிலிருந்து பிறந்தது. கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை உருவத்தில் பெரிய மாற்றமில்லாமல் வந்துகொண்டிருந்தது. இரத்த உறவில் மைனருக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஆனால் வாழ்ந்த இடம் வேறு. கோயம்புத்தூர், மதுரை போன்ற கடலோரமல்லாத ஊர்களில் காய்ந்த வெயிலில் நின்ற காரின் அடிப்பகுதி, காங்கேசன்துறைக் காரின் அடிப்பகுதியைப்போல் இற்றுப்போவதில்லை. முன் மட்கார்டும் கதவும் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். போல்ட்டைக் கழற்றி மாற்றலாம். மிஞ்சுவது நெளிசல் எடுப்பதும், முப்பது வருடப் பட்டியைச் சுரண்டுவதும், பெயிண்டும்தான். பதிவு வாங்கி 15 ஆண்டு கடந்த காரை 5 ஆண்டுக்கொருமுறை ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், அதற்கு முன் ஒரு கோட் அடித்துவிடும் வழக்கமும் ஊறிவிட்டது. 2021இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய காரை விண்டேஜ் என்று தனியாகப் பதிந்து ‘விஏ’ எழுத்துள்ள எண்பலகை வாங்கலாம். அந்த ஆசை உள்ளவருக்குப் பெயிண்டின் தரம் இன்னும் முக்கியம்.

வெல்டிங்குக்கு என்ன செய்வது? டிங்கரைக் கூப்பிடுவதுதான். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் மெக்கானிக் ஷெட்டுகள் இருக்கும் வரிசையில் ஒரு டிங்கர் பட்டறை இருக்கும். ஆக்சிஜன் சிலிண்டர், அசிட்டிலின், சுத்தியல், அடியில் தாங்கும் டாலிக் கட்டை. மெல்லிய தகட்டில் காஸ் வெல்டிங் ஒரு தனி வித்தை. சூடு பரவித் தகடு நெளியும் என்பது உண்மை. ஆனால் ஒட்டு மென்மையாக இருப்பதால் சூட்டோடு சூடாக டாலியை அடியில் கொடுத்துத் தட்டித் தட்டிச் சமப்படுத்தலாம். தெரிந்த ஆள் முடித்த இடத்தில் பட்டி பூசவே வேலையிருக்காது. வயர் ஊட்டிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங்கின் தையல் அப்படித் தட்டலுக்கு மசியாது, கிரைண்டரால்தான் தேய்க்க வேண்டும். இந்தக் கைத்திறன் நாள்கூலிக்குத் தெருமுனையில் கிடைக்கும்போது, அதை வீட்டில் அரைகுறையாகப் பழகுவதற்கு மெஷின் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கூப்பிடுபவர் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்குச் சில பட்டறைகளில் வெண்காரம் தொட்ட பித்தளைக் கம்பியால் பற்றவைத்துவிடுவார்கள். அசிட்டிலினுக்குப் பதில் சமையல் காஸ் மாட்டியிருந்தால் இதுதான் நடக்கும். அந்தச் சுவாலை இரும்போடு இரும்பை உருக்கி ஒட்டுவதற்கு ஏற்றதல்ல. பெயிண்டைச் சுரண்டும்போது மஞ்சள் கோடாகத் தெரிவது இந்தப் பித்தளைதான். அதன்மேல் மிக் வைத்தால் ஒட்டு பொத்தலாகி வெடிக்கும். பித்தளை ஏறிய பகுதியை முழுதாக வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைப்பதைத் தவிர வழியில்லை. பழைய கார் வாங்குபவர்கள் இரு நாட்டிலும் இந்த மஞ்சள் கோட்டைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இனி இலங்கைக்காரர் வாங்க வேண்டிய வெல்டர். கடையில் மலிவாகக் கிடைப்பது ஆர்க் இன்வேர்ட்டர். கேற் செய்யவும் கொட்டில் போடவும் அது போதும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த கார்த் தகட்டில் 2.5 மில்லிமீற்றர் ரொட்டைத் தொட்டால் ஓட்டைதான் விழும். மிக் தான் வேண்டும், அதுவும் 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர் வயர் ஓடக்கூடியது. ‘மூன்றும் ஒன்றில்’ என்று விற்கப்படும் மெஷின்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காஸ் இல்லாமல் பாவிக்கும் ஃபிளக்ஸ் வயருக்கும் காஸோடு பாவிக்கும் வெறும் வயருக்கும் நேர், மறை முனைகள் தலைகீழ். முனையை மாற்றும் வசதி மெஷினுக்குள் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஃபிளக்ஸ் வயர் மெல்லிய தகட்டில் சூடு கூடி, பொறி சிந்தி, படுத்தியெடுக்கும். காஸ் செலவுக்குப் பயந்து அதில் இறங்க வேண்டாம். ஒரு கிலோ கார்பனீரொட்சைட்டு ஏறத்தாழ 540 லீற்றர் வாயு தரும். நிமிடத்துக்கு 8 லீற்றர் விட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சுடர் எரியும். 5 கிலோச் சிலிண்டர் ஒரு மைனரின் இரண்டு சில் பெட்டியையும் முடித்துவிட்டு மிச்சமிருக்கும். ஆகன் கலந்த வாயு இதைவிட நல்லது, விலையும் கூட.

வீட்டு மின்சாரம் தாங்குமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். மெஷினின் முகப்பில் 200 அம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தகட்டு வேலைக்கு 50 அம்பியர் அளவுதான் தேவை. அந்த இடத்தில் வோல்டேஜ் 16.5 அளவில் இருக்கும். பெருக்கினால் 825 வாட். மெஷினுக்குள் வீணாவதையும் மலிவு இன்வேர்ட்டர்களின் மோசமான பவர் ஃபக்டரையும் சேர்த்தாலும், சுவரிலிருந்து இழுப்பது 7 அம்பியர் அளவுதான். 13 அம்பியர் சதுர முள் பிளக் இதற்குப் போதும். பிரச்சினை கொடுப்பது நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர். எலெக்ரீசியனிடம் கொட்டிலுக்கு ‘ஏழு 067’ வயரில் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அதையே 2.5 ஸ்கொயர் என்று கேட்க வேண்டும். வெல்டரை மாட்டினால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று, அதைச் சுற்றி நேர் லைன் கொடுக்க முன்வரும் எலெக்ரீசியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்; ஈர மண்ணில் முழங்காலிட்டு வேலை செய்யப்போவது அவர் இல்லை.

ஒட்டும்போது ஒரே ஓட்டமாக இழுக்கக்கூடாது. ஒரு பொட்டு, பிறகு ஒரு அங்குலம் தள்ளி இன்னொன்று, மறுமுனைக்குப் போய் ஒன்று. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே இடைவெளியை நிரப்ப வேண்டும். இடைவெளி அகலமாகிவிட்ட இடத்தில் பின்னால் ஒரு செப்புத் துண்டை அழுத்திப் பிடித்தால் உருகிய இரும்பு ஒழுகாது, செப்பிலும் ஒட்டாது. ஒட்டுக்கு வைக்கும் தகடு நாகம் பூசியதாக இருந்தால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும். பெற்றோல் தாங்கியைக் கழற்றி வேறு இடத்தில் வைப்பதையும் பற்றரி வயரைப் பிரிப்பதையும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கொம்பிரசருக்குக் கோயம்புத்தூரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்ஜி 1960இல் தொடங்கிய ஊர் அது. மோட்டாரும் பம்பும் கொம்பிரசரும் செய்து பழகிய ஊர். பெல்ட்டில் ஓடும் பிஸ்டன் கொம்பிரசர் ஒன்றைப் பழையதாக வாங்கினாலும் ரிங், வால்வ் தகடு, பெல்ட் எல்லாம் கிடைக்கும், போட்டுத்தர ஆளும் கிடைப்பார். இலங்கைக் கடைகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் மோட்டாரோடு நேராகப் பூட்டிய, 24 லீற்றர் தாங்கியுள்ள இறக்குமதிச் சாமான். ரயருக்குக் காற்றடிக்கலாம், தூசி ஊதலாம். கார் பெயிண்ட் என்று வரும்போது அதன் கணக்கு இப்படி: தாங்கி 8 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கும்போது வெளிவரும் காற்று 96 லீற்றர், அதாவது மூன்றரைக் கன அடிக்கும் குறைவு. ஹெச்விஎல்பி பெயிண்ட் கன் ஒன்று நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் குடிக்கும். இருபது விநாடியில் தாங்கி காலி. பொனற்றின் ஒரு அகலத்தை முடிப்பதற்குள் அழுத்தம் விழுந்து, பெயிண்ட் தோடம்பழத் தோல்போல் திரளும். 200 லீற்றர் தாங்கி இதே வீச்சில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாக்குப்பிடிக்கும், இடையில் பம்பும் நிரப்பிக்கொண்டிருக்கும்.

எனவே தமிழ்நாட்டில் வாங்குபவர் 3 ஹெச்பி, பெல்ட் டிரைவ், பெரிய தாங்கி என்று போகலாம். லேபிளில் இருக்கும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கான கன அடி) பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் கொள்ளளவு. குழாயில் வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூன்று பேஸ் இணைப்பு இருந்தால் அதற்கான மோட்டாரையே எடுப்பது நல்லது. ஒற்றைப் பேஸில் 2 ஹெச்பி மோட்டாரே கிளம்பும் நொடியில் ஓடும் மின்னோட்டத்தைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். சாதாரண பி வகை எம்சிபி அந்த நொடியில் விழுந்துவிடும். சி வகை போட வேண்டும். கோடை மாலையில் வோல்டேஜ் 190க்கு இறங்கும் தெருவில் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்குமே தவிரச் சுற்றாது. காலையில் அடியுங்கள்.

பழைய தாங்கி வாங்கும்போது அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து பார்க்க வேண்டும். தெளிந்த தண்ணீர் வந்தால் சரி. செம்மண் குழம்பு வந்தால் உள்ளே கறள் தின்றுகொண்டிருக்கிறது. அதற்கு ஒட்டுப் போட்டு ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 8 பாரில் வெடிக்கும் தாங்கி ஆளைக் கொல்லும். தண்ணீர்ப் பொறியைத் தாங்கியின் வாயிலேயே மாட்டினால் பயன் குறைவு. ஏழெட்டு மீற்றர் இரும்புக் குழாயில் காற்று ஆறிய பிறகு மாட்டினால்தான் நீர் பிரியும். என்சி (நைட்ரோசெலுலோஸ்) பெயிண்ட் ஈரக் காற்றில் வெள்ளை பூப்பதற்குப் பாதிக் காரணம் வானம், மீதிக் காரணம் இந்தக் குழாய். ஹார்ட்னர் கலக்கும் 2கே பெயிண்ட் அடிப்பவர்கள் மூக்கில் கைக்குட்டை கட்டி நிற்பதை இரண்டு நாட்டிலும் பார்க்கலாம். அதிலுள்ள ஐசோசயனேற்றுக்குக் கைக்குட்டை எதுவும் செய்யாது; சுத்தமான காற்று ஊட்டும் முகமூடி வேண்டும். அது இல்லாதவர் பிரைமர்வரை வீட்டில் முடித்துவிட்டு, மேல்கோட்டை பூத் உள்ள இடத்துக்கு விட்டுவிடலாம். இலங்கைக்காரருக்கு நான் சொல்வதும் அதுதான்: இரண்டு பருவமழைக்கும் நடுவே முற்றத்தில் பந்தல் கட்டிப் பெயிண்ட் அடிப்பதைவிட, தகட்டு வேலை முடிந்த காரைப் பெயிண்ட் பூத்துக்கு ஏற்றுங்கள்.

இந்தக் கணக்குப் பொருந்தாத ஒரு கார் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1960களில் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மைனரையும் அம்பாசடரையும் போலல்லாமல் அதற்குத் தனிச் சட்டம்; உடல் அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். உடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் கிளைச் சட்டங்கள்தான் முதலில் இற்றுப்போகும். திருவான்மியூரிலோ எண்ணூரிலோ கடற்காற்றில் ஹெரால்டை வைத்திருப்பவர் கொம்பிரசரைத் தள்ளிப்போட்டு வெல்டரையே வாங்கட்டும். கனமான சட்டம் என்பதால் அவருக்கு 50 அம்பியர் போதாது, நூறைத் தாண்ட வேண்டியிருக்கும். அப்போது 16 ஆம்ப் சாக்கெட்டை நம்பாமல் மெயினிலிருந்து தனி எம்சிபி போட்டு லைன் எடுக்க வேண்டும்.